சங்கப்பலகையும் 66 அடிக் கம்பியும்

மதுரையில் சங்கம் என்ற சொல்லைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் உச்சரிக்க வேண்டும். மற்ற ஊர்களில் அது வியாபாரிகள் சங்கமாகவோ, குடியிருப்போர் சங்கமாகவோ, பழைய மாணவர் சங்கமாகவோ இருந்துவிட்டுப் போகலாம். இந்த ஊரிலோ, பொற்றாமரைக் குளத்தில் மிதந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பலகையின் நினைவு, நாம் அழைத்தாலும் அழைக்காவிட்டாலும், சொல்லோடு கூடவே வந்து நிற்கும். தகுதியுள்ள புலவன் வந்தால் நீண்டு இடம் கொடுக்கும், தகுதியில்லாதவன் வந்தால் ஒதுக்கிவிடும் என்பது ஐதிகம். அந்த ஐதிகத்தின் பேரில் எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. வந்தவன் தகுதியுள்ளவனா என்று பார்க்கப் பலகை இருந்தது, சரி. அவனுக்கு அந்தத் தகுதி வரும்படி கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்து, குளத்தங்கரை வரையில் கூட்டிக்கொண்டு வந்து விட்ட ஆசாமி யார் என்பதைப் பற்றி யாருமே வாயைத் திறப்பதில்லை.

பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901 செப்டம்பர் 14 அன்று மதுரையில் தமிழ்ச் சங்கத்தை மறுபடியும் ஸ்தாபித்தபோது, இந்தக் குறையை உணர்ந்தவர்போலவே காரியம் செய்தார். பலகைக்குப் பதிலாக ஒரு கலாசாலை, ஒரு புத்தகசாலை, ‘செந்தமிழ்’ என்ற ஒரு பத்திரிகை, பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று படிப்படியாக ஏறிச் செல்லத்தக்க பரீட்சைகள் என, புதிதாக வருகிறவன் காலூன்றுவதற்கான படிக்கட்டுகளையெல்லாம் கட்டி வைத்தார். அதே ஆண்டின் டிசம்பர் 12 அன்று, பூமியின் மறுபக்கத்தில், நியூஃபவுண்ட்லாந்து தீவின் ஒரு குன்றின் மேல், பட்டத்தில் கட்டி உயரத் தூக்கிய கம்பியின் முனையில் மார்க்கோனி காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து வந்த மூன்று புள்ளிகளைக் கேட்டார். மூன்று மாத இடைவெளியில் நடந்த இவ்விரண்டு சம்பவங்களுக்கும் ஒருவிதமான சம்பந்தமும் கிடையாதுதான். ஆனால் நான் சொல்லப் புகுந்த சங்கம், மார்க்கோனியின் கம்பியில் பிறந்து, பாண்டித்துரைத் தேவரின் படிக்கட்டுகளைப் போன்ற படிக்கட்டுகளைத் தானும் கட்ட முயன்ற ஒரு சங்கமாகையால், இரண்டையும் சேர்த்துச் சொல்லும் சபலத்தை என்னால் அடக்க முடியவில்லை.

ஹாம் ரேடியோ என்றும் அமெச்சூர் ரேடியோ என்றும் சொல்லப்படுகிற வித்தை இன்னதென்று தெரியாதவர்கள் பலர் இருக்கக்கூடும். பாட்டும் செய்தியும் ஊராருக்கெல்லாம் ஒலிபரப்புவது அதன் நோக்கம் அன்று. சர்க்காரிடம் பரீட்சை எழுதி, உரிமம் பெற்று, தன் வீட்டிலேயே ஒரு சிறு நிலையம் அமைத்து, தன்னைப் போன்ற இன்னொருவரோடு ஆகாய மார்க்கமாகப் பேசுவதும், அதற்கு வேண்டிய கருவியைக் கூடுமானவரை தானே செய்துகொள்வதும், அதில் ஒரு காசும் சம்பாதிக்காமல் இருப்பதுமே அதன் தர்மம். ஒவ்வொருவருக்கும் ‘கால்சைன்’ என்கிற அழைப்புக்குறி உண்டு, இந்தியருடையது ‘வி.யூ.’ என்று தொடங்கும். எதிர்முனையில் இருப்பவர் மந்திரியா, மெக்கானிக்கா என்பது அந்தக் குறியிலிருந்து தெரியாது. பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் அங்கே வெறும் வி.யூ.2 ஆர்.ஜி.தான்.

இந்த வித்தை நம் நாட்டுக்குள் வந்த வழி வங்காளம். 1921-இல் அமரேந்திர சந்திர குப்து என்பவர் 2 ஜே.கே. என்ற குறியோடு ஆகாயத்தில் ஏறியதே தொடக்கம் என்பார்கள். சென்னைப் பட்டணத்தில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்ற உற்சாகி இங்கிலாந்திலிருந்து உறுப்புகளைக் கொண்டுவந்து பூட்டிய 40 வாட் கருவியை நடுவில் வைத்து, 1924 மே 16 அன்று மதராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தோன்றியது. ஜூலை 31 முதல் அது ஒலிபரப்பவும் ஆரம்பித்தது. சந்தாதாரர் சந்தாவை நம்பி நடந்த காரியம் என்ன ஆகுமோ அதுவே ஆயிற்று. 1927 அக்டோபரில் பணமுடையால் கிளப் ஒலிபரப்பை நிறுத்திவிட்டுக் கருவியைச் சென்னை நகரசபைக்குத் தானமாகக் கொடுத்துவிட்டது. நகரசபை அதைக் கொண்டு 1930 ஏப்ரல் 1 முதல் பாட்டு வைத்தது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய ரேடியோ வந்து அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. தென்னாட்டு ஒலிபரப்பின் வேர் இவ்வாறாக ஒரு பொழுதுபோக்காளர் மேஜையில் இருந்தது என்பது பெருமைக்குரிய விஷயம்தான். ஆனாலும் அந்த கிளப் புதியவர்களை உண்டாக்கியதா என்று கேட்டால், கேட்பவர்களை உண்டாக்கியது, பேசுபவர்களை உண்டாக்கவில்லை என்றே நான் சொல்வேன். மதுரைச் சமவெளிக்கோ, 1939 மே 16 அன்று திருச்சிராப்பள்ளி நிலையம் தொடங்கும் வரையில், பக்கத்தில் ஒரு வானொலிக் குரலே கிடையாது.

அதே 1939-இல் யுத்தம் வந்தது. தனிமனிதர் வைத்திருந்த உரிமங்களையெல்லாம் சர்க்கார் ரத்து செய்து, கருவிகளை ஒப்படைக்கச் சொல்லிவிட்டது. ஏற்கெனவே 1933-ஆம் வருஷத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்படி, அநுமதியில்லாமல் ஒரு கருவியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். அந்தக் குற்றத்தை மனமறிந்து செய்தவர்களும் இருந்தார்கள். 1942 ஆகஸ்ட் புரட்சியின்போது பம்பாயில் உஷா மேத்தா முதலிய இளைஞர்கள் நடத்திய ரகசியக் காங்கிரஸ் ரேடியோவுக்கு, கருவி செய்யத் தெரிந்த நரிமன் பிரிண்டரின் கை உதவியிருக்கிறது. நவம்பரில் போலீசார் பிடிக்கும் வரையில் வீடு வீடாக இடம் மாறி அது பேசியது. அது பேசிய அலைவரிசை 42.34 மீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றே மேலே வரும் அந்த இடம், இன்றைக்கும் நம் ஹாம்கள் தினந்தோறும் விடியற்காலையில் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொள்கிற ‘நாற்பது மீட்டர்’ வீதிக்கு உள்ளேயேதான் இருக்கிறது.

சுதந்திரம் வந்தபின் தேசம் முழுவதிலும் உரிமம் பெற்றவர் சுமார் 50 பேர்; அவர்களிலும் வாய் திறந்து பேசியவர்கள் ஒரு டஜன் இருந்தால் அதிகம். அந்த நிலைமையில்தான் 1948 மே 15 அன்று மத்திய இந்தியாவில் மோவ் என்ற ராணுவ நகரத்தில், சிக்னல்ஸ் பள்ளிக்கூடத்திலே, முதல் தேசிய சங்கம் கூடிற்று; 1954-இல் அது டில்லிக்குக் குடிபெயர்ந்து, அமெச்சூர் ரேடியோ சொசைட்டி ஆஃப் இந்தியா என்ற பெயரைச் சூட்டிக்கொண்டது. ராணுவப் பள்ளிக்கூடத்தில் பிறந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. யுத்தம் முடிந்த அந்த வருஷங்களில், மோர்ஸ் என்ற தந்திக் குறிமுறையின் ஒலியைக் காதிலும், அதைத் தட்டுகிற சாவியின் அசைவைக் கையிலும் வைத்துக்கொண்டிருந்த இந்தியர்கள் சிப்பாய்களிலும் தந்தியாபீஸ் சிப்பந்திகளிலும்தான் நிறைய இருந்தார்கள். உபரியாகிப்போன யுத்தக் கருவிகளும் பழைய இரும்புக் கடைகளுக்கு வர ஆரம்பித்திருந்தன. கருவியைக் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு வரலாம். காதை அப்படித் தூக்கிக்கொண்டு வர முடியாதே.

அந்தச் சங்கம் புதியவனுக்கு என்ன செய்தது என்று கேட்டால், நான் இரண்டு காரியங்களையே முதன்மையாகச் சொல்வேன். ஒன்று, வக்கீல் வேலை. இந்த நாட்டில் ஹாம் ஆக விரும்புகிறவன் முதலில் தாண்ட வேண்டிய மலை ஆகாயத்தில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. அமெச்சூர் சேவைக்கான 1978-ஆம் வருஷத்து விதிகள் அவனைப் பல வகுப்புகளாகப் பிரித்தன. இரண்டாம் வகுப்புக்கு நிமிஷத்துக்கு 5 சொல், முதல் வகுப்புக்கு 12 சொல் என்று மோர்ஸ் வேகம் வைத்தன. வெறுமே சிற்றலை கேட்பதற்கென்றேகூட ஒரு தனி உரிமம் வைத்தன. பரீட்சையில் தேறிய பிறகும் போலீஸ் விசாரணை, உள்துறை சம்மதம் என்று விண்ணப்பம் மேஜைக்கு மேஜை நகர்ந்து, உரிமம் கைக்கு வருவதற்குள் வருஷம் திரும்பிவிடுவது சகஜமாக இருந்தது. கம்பி கட்டுகிறவனெல்லாம் ஒற்றன் என்று சந்தேகிக்கிற பழைய அரசாங்க சுபாவம் சுதந்திரத்தோடு போய்விடவில்லை. இந்த மலையைச் சங்கம் தகர்த்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் அடிவாரத்தில் நின்று இலாகாவோடு ஓயாமல் பேசி, அலைவரிசைகளைப் பறிகொடுக்காமல் காத்து, 1925-இல் பாரிஸில் தோன்றிய சர்வதேச அமெச்சூர் சம்மேளனத்தில் இந்தியாவின் நாற்காலியில் உட்கார்ந்து, புதியவனுடைய கட்சியை எடுத்துச் சொல்ல ஒரு வாய் இருந்ததென்றால் அது இந்தச் சங்கத்தின் வாய்தான். 1980-களில் கருவிகளுக்கு இறக்குமதி வரிச் சலுகை கிடைத்தபோது, எத்தனையோ பேருடைய பரண் மேலிருந்த ஆசைகள் கீழே இறங்கின.

இரண்டாவது, போஸ்ட்மேன் வேலை. இரண்டு ஹாம்கள் முதன்முறை பேசினால், பேசியதற்கு அத்தாட்சியாக ஒருவருக்கொருவர் ஓர் அட்டை அனுப்பிக்கொள்வது மரபு. க்யூ.எஸ்.எல். அட்டை என்று அதற்குப் பெயர். தேதி, நேரம், அலைவரிசை, குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்கிற விவரமெல்லாம் அதில் இருக்கும். ஜப்பானுக்கும் பிரேசிலுக்கும் தனித்தனியே தபால்தலை ஒட்டி அனுப்பினால் ஒரு குமாஸ்தாவின் சம்பளம் மாதக் கடைசி வரையில் தாங்குமா? ஆகவே உறுப்பினர்களின் அட்டைகளையெல்லாம் சங்கம் மொத்தமாகச் சேகரித்து, தேசவாரியாகப் பிரித்து, அந்தந்த நாட்டுச் சங்கத்துக்குக் கட்டுக்கட்டாக அனுப்பும். அங்கிருந்தும் அப்படியே வரும். வருஷக்கணக்கில் ஆகும். பேசியதையே மறந்துபோன ஒருநாள் பின்லாந்திலிருந்து ஓர் அட்டை வந்து விழும்போது, அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத புதியவனை நான் பார்த்ததில்லை.

இனி மதுரைக்கு வருகிறேன். பரீட்சை சென்னையில், மதுரையிலிருந்து 490 கிலோமீட்டர் சொச்சம், ராத்திரி ரயில். சங்கமோ டில்லியில். நடுவில் இருப்பது யார்?

என் இளமையில், சிம்மக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில், பட்டாளத்து சிக்னல்ஸ் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒரு பெரியவர் இருந்தார். அவர் மாடியில் கைப்பிடிச் சுவரின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை மூங்கில் வரைக்கும் தாமிரக்கம்பி ஒன்று ஓடும். துணி உலர்த்தும் கொடி என்று நினைத்துப் பக்கத்து வீட்டம்மாள் ஒருநாள் புடவையைப் போட்டுவிட்டுப் பட்ட பாடு தெருவில் வெகுநாள் பேசப்பட்டது. அந்தக் கம்பியின் நீளம் 66 அடி. நாற்பது மீட்டர் அலைக்கு அரை அலை நீளம் அவ்வளவுதான். ஒரு முழம் கூடினாலும் குறைந்தாலும் கருவி முணுமுணுக்கும். மதுரையின் பழைய வீடுகள் வாசல் குறுகிப் பின்கட்டு நீண்டு ரயில்பெட்டி போலிருக்கும் என்பதை எல்லாரும் குறையாகச் சொல்வார்கள். அவரோ, “தம்பி, அறுபத்தாறு அடிக்குன்னே அளந்து கட்டுன வீடுப்பா இது” என்று பெருமையாகச் சொல்வார். கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரம் சதுரமாக வீதிகள் அமைந்த ஊர் இது. வீடு எந்தத் திசையில் நீண்டிருக்கிறதோ அந்தத் திசையில்தான் கம்பி போகும். கிழக்கு மேற்காகக் கட்டிய கம்பி வடக்கிலும் தெற்கிலும் நன்றாகப் பேசும். அவருடைய கம்பி அப்படிப்பட்டது. ஆகவே டில்லியும் கொழும்பும் அவருக்குப் பக்கத்து வீடு, பம்பாய் சற்று தூரம்.

அவரிடம் சிறுபிள்ளைகள் போனால் முதலில் கருவியைத் தொட விடமாட்டார். “காதைக் கொடு, கையை அப்புறம் பாத்துக்கலாம்” என்பது அவருடைய பாடத்திட்டம். மோர்ஸை அவர் சொல்லிக்கொடுத்த முறை எந்தப் புத்தகத்திலும் நான் காணாதது. புள்ளி, கோடு என்ற சொற்களை அவர் பிரயோகிக்கவே மாட்டார். “புள்ளியும் கோடும் கண்ணுக்குத் தெரியுறதுடா, இது காதுக்குள்ள ஓடுறது. பள்ளிக்கூடத்துல மாத்திரை படிச்சியா? குறிலுக்கு எத்தனை?” என்பார். “ஒன்று, ஐயா.” “நெடிலுக்கு?” “இரண்டு.” “அளபெடைக்கு?” “மூன்று.” “அவ்வளவுதான். டிட் குறில், டா அளபெடை. நடுவுல நெடிலே கிடையாது, நெடில்ல நிறுத்துனா பரீட்சையில ஃபெயில்.” நான் பிற்காலத்தில் சரிபார்த்தேன். மோர்ஸின் நெட்டொலி குற்றொலியைப் போல் சரியாக மூன்று மடங்குதான். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையில் மூன்று மாத்திரை மௌனம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் ஏழு. 12 சொல் வேகத்தில் ஒரு மாத்திரை என்பது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் காலத்துக்கு அளவாக வைத்த பழைய இலக்கணக்காரர்களுக்கு இந்த வித்தை அரைநாளில் வந்திருக்கும். எங்களுக்கோ மூன்று மாதம் பிடித்தது. டிடிடிடா, டிடிடா, டிடிடாடாடா. இதுதான் வி.யூ.2. மாசி வீதியில் மாட்டுவண்டிச் சத்தத்திலும், செல்லூர்ப் பக்கம் தறிச் சத்தத்திலும் இந்தத் தாளமே காதில் விழுகிற அளவுக்கு வந்தபிறகுதான் அவர் சாவியைத் தொடவிட்டார்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட பெரியவருக்கு ‘எல்மர்’ என்று பெயர். எல்மர் ஃப்ரோஹார்ட் என்ற ஒருவர் எண்ணற்ற இளைஞரைக் கைதூக்கிவிட்டதை நினைந்து, 1971-இல் அந்நாட்டுச் சங்கப் பத்திரிகையில் ஒருவர் எழுதப்போய், அவர் பெயரே பொதுப்பெயராகிவிட்டது. 1914-இல் தோன்றி, புத்தகங்களும் பத்திரிகையும் பரிசோதனைச்சாலையும் படைத்த செல்வச் சங்கம் அது. அங்கேகூட, கடைசியில் ஒரு மனிதனுடைய பெயரைத்தான் அவர்கள் நன்றியோடு உச்சரிக்கிறார்கள். எங்களுக்குப் புதிய பெயர் தேவைப்படவில்லை. வாத்தியார் என்றோ, பட்டாளத்து ஐயா என்றோ கூப்பிட்டோம்.

புதியவனுடைய காத்திருப்புக் காலம் ஒன்றிருக்கிறதே, பரீட்சைக்கும் உரிமத்துக்கும் நடுவிலுள்ள அந்த நீண்ட கோடைக்காலம், அதில்தான் முக்கால்வாசிப் பேர் உதிர்ந்துபோவார்கள். எங்களை உதிராமல் வைத்தது தென்னாட்டுச் சிற்றலை. பி.பி.சி. 1941 முதல் தமிழில் பேசிக்கொண்டிருந்தது. இலங்கை வானொலியைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வந்தது. டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் வாங்கிய உதிரி உறுப்புகளைப் பழைய ரேடியோப் பெட்டிக்குள் பற்றவைத்து, முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, நிலையங்களுக்கு நடுவிலுள்ள இருட்டில் ஹாம்களைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். காலை வேளையில் நாற்பது மீட்டரில் ‘நெட்’ கூடும். ஒருவர் சபாநாயகர்போல் இருந்து, கால்சைன் கால்சைனாக அழைத்து, ஆஜரானவர்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொருவரும் பேச முறை கொடுப்பார். டில்லியில் இருந்த சங்கம் எங்களுக்கு மதுரையில் கைக்கெட்டியது அந்த வழியாகத்தான். ‘ஆண்டெனா சரிப்படவில்லை, என்ன செய்யலாம்’ என்று ஒருவர் கேட்க, கோயமுத்தூரிலிருந்து ஒருவரும் பெங்களூரிலிருந்து ஒருவரும் பதில் சொல்ல, நாங்கள் நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொள்வோம். கட்டணமில்லாத வகுப்பு, வருகைப்பதிவும் கிடையாது.

ஆகாயமும் எங்களுக்குப் பாடம் நடத்தியது. உச்சிவெயிலில் நாற்பது மீட்டரில் தூரத்துக் குரல்கள் மங்கிப்போகும். வெயில் தாழ்ந்தால் திரும்பி வரும். இரவில் கடல் தாண்டும். இந்த மாயத்துக்குக் காரணமான அயனி மண்டலத்தை அளந்து பார்க்க மதுரைக்காரன் வெகுதூரம் போகவேண்டாம். வானம் தெளிவான நாளில் வடமேற்கே தெரிகிற பழனி மலைத்தொடரின் மேல் கொடைக்கானல் வானாய்வுக்கூடம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே நாள்தோறும் சூரியனைப் படம் பிடித்து, அதன் முகத்திலுள்ள கரும்புள்ளிகளை எண்ணி வைத்திருக்கிறது. எவர்ஷெட் என்ற வானியலாளர் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டுபிடித்தது அங்கேதான். அந்தப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகும், சிறுக்கும். பெருகும்போது ஹாம்களுக்கு உலகமே வீட்டுக்குள் வந்துவிடும், சிறுக்கும்போது மயானம்தான். 1957, 58-இல் பெருகியதைப் போல அதற்கு முன்னும் பின்னும் எண்ணிக்கையில் கண்டதில்லை. போதாததற்கு, பூமியின் காந்த நடுக்கோடு தென்தமிழ்நாட்டை ஒட்டியே ஓடுகிறது; தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்ததற்கு அதுவே காரணம். இவ்வளவு சுவாரசியமான ஆகாயத்தைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, மதுரையின் கல்லூரிகளில் படிக்கிற பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவன்கூட அதன் பக்கம் காதைத் திருப்பவில்லையே என்பது என் தீராத வருத்தம்.

1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியதும், இந்தப் பக்கத்து மொட்டைமாடிகளிலெல்லாம் குழாய்க்கம்பங்கள் பனைமரம்போல் முளைத்தன. அதில் ஹாம்களுக்கு ஒரு லாபம், ஒரு நஷ்டம். கம்பத்தைப் பார்த்து யாரும் சந்தேகப்படுவதில்லை என்பது லாபம். ஐயா சாவியைத் தட்டினால் எதிர்வீட்டுத் திரையில் வரிவரியாக ஓடுகிறது என்று தெருவே திரண்டு வந்தது நஷ்டம். அவர் சண்டை போடவில்லை. தம் செலவில் நாலு வீட்டுக்கு வடிகட்டி செய்து மாட்டிக்கொடுத்தார். அந்த வடிகட்டிகளைச் சுற்றிய வேலை எங்களுடையது. சுருளைச் சுற்றக் கற்றுக்கொண்டதும் அப்படித்தான்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் கருவி ஒன்றின் விலை, வரிச்சலுகைக்குப் பின்னும், சாமானியனின் பல மாதச் சம்பளம். இதற்கு விடை கண்டவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான். இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் வடிவமைத்து, யாரும் காப்பியடிக்கலாம் என்று தாராளமாக வெளியிட்ட ‘பிட்டெக்ஸ்’ என்ற கருவியில், அந்நிய நாட்டிலிருந்து வரவழைக்க வேண்டிய காந்த வளையத்துக்குப் பதிலாக, தண்ணீர்க் குழாயில் போடுகிற நைலான் வாஷரைப் பயன்படுத்தலாம் என்று சொல்லியிருந்தார். எந்த ஊர்ச் சாமான் கடையிலும் கிடைக்கிற வாஷர். அதன் மேல் எனாமல் கம்பியைச் சுற்றி, கண்டம் விட்டுக் கண்டம் பேசலாம். உலகமெங்கும் ஆயிரக்கணக்கானோர் செய்து பார்த்தார்கள். புதியவனுக்கு ஒரு சங்கமோ தனிமனிதரோ செய்யக்கூடிய உபகாரங்களில் இதைவிட உயர்ந்ததாக ஒன்றை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. இஸ்ரோ தன் பங்குக்கு 2005 மே 5 அன்று ஹாம்களுக்கென்றே ‘ஹாம்சாட்’ என்ற 42.5 கிலோ துணைக்கோளை ஏவியது. கையில் பிடிக்கிற ஆண்டெனாவை மாடியில் நின்று வானத்தை நோக்கித் திருப்பிப் பேசலாம். 2014 வரையில் அது உழைத்தது.

இதெல்லாம் எதற்கு, செல்போன் வந்தபின் இந்தக் கம்பியும் சாவியும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2004 டிசம்பரைச் சொல்லலாம். டில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத், ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிலையத்தின் சார்பில் ஒரு குழுவோடு அந்தமானுக்குப் போயிருந்தார். பொழுதுபோக்குக்காகத்தான், உலக ஹாம்கள் அந்தமானோடு பேசத் தவம் கிடந்தார்கள், 1987-க்குப் பிறகு அநுமதி கிடைத்தது அப்போதுதான். 26-ஆம் தேதி காலை பூமி நடுங்கிற்று, கடல் எழுந்தது. தந்தியும் தொலைபேசியும் போன போர்ட் பிளேரில், விளையாட்டாகக் கொண்டுபோன கருவி அடுத்த கணமே தீவுக்கும் தாய்நாட்டுக்கும் நடுவில் உயிர்நாடியாயிற்று. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்ற செய்திகள் அதன் வழியே போயின. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியபோது, கடலுக்குள் போன ரயிலின் கதி வெளியுலகுக்குத் தெரியவே நேரமான கதையை இராமநாதபுரத்துச் சீமையில் இன்னும் சொல்லிச் சொல்லி அழுகிறார்கள். அந்த ராத்திரி அந்தக் கரையில் பழகிய காதும் ஒரு கருவியும் இருந்திருந்தால் என்று நினையாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

குறையில்லாத சங்கம் எது? பாடமும் பரீட்சையும் ஆங்கிலத்தில் நடந்ததால், கருவி செய்யத் தெரிந்தும் கேள்வி புரியாமல் நின்ற மெக்கானிக் பையன்களை நான் கண்டிருக்கிறேன். நூற்றாண்டுக்கு முன் பரீட்சைக்குப் படிக்கட்டு கட்டிய ஊரில், ரேடியோ விதிகளைத் தமிழில் படித்துத் தேற ஒரு வழி பிறக்கவில்லை. காலம் சில கதவுகளைத் தானே திறந்துவிட்டிருக்கிறது: 12 வயது நிரம்பினால் எழுதலாம், வகுப்புகள் இரண்டாகச் சுருங்கிவிட்டன, கீழ் வகுப்புக்கு மோர்ஸ் வேண்டாம். 2003-இல் உலக ரேடியோ மாநாடு மோர்ஸைக் கட்டாயமில்லை என்று தள்ளியபோதும், நம் சர்க்கார் மேல் வகுப்புக்கு அதை விடாமல் நிமிஷத்துக்கு 8 சொல் என்று வைத்துக்கொண்டது. தந்தியாபீஸையே 2013 ஜூலையில் மூடிவிட்ட நாடு, பொழுதுபோக்காளனிடம் மட்டும் அந்த மொழியைப் பத்திரப்படுத்திக் கொடுத்திருப்பது விநோதமே ஆனாலும், எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

பட்டாளத்து ஐயா இப்போது இல்லை. அவருடைய சாவி அவர் நினைவாக என்னிடம் இருக்கிறது. அந்த வீட்டை இடித்து மூன்று மாடி எழுப்பிவிட்டார்கள். ஆயினும் மதுரையிலும் சுற்றுப்புறத்து ஊர்களிலும் இப்படிப்பட்டவர்கள் அற்றுப்போய்விடவில்லை. உங்கள் தெருவில் ஒரு மாடியின் மேல், துணிக்கொடி என்று சொல்ல முடியாத உயரத்தில், துணிக்கொடிக்குத் தேவையில்லாத நீளத்தில், ஒரு தாமிரக்கம்பி போவதைக் கண்டால் கதவைத் தட்டிப் பாருங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். காலை ஏழு மணிக்கு மட்டும் வேண்டாம். அந்த நேரத்தில் அவர் நெட்டில் இருப்பார்.